பத்தரை மணிக்கு வந்த சேதி

எங்கள் மானேஜரின் மேஜையில் ஒரு தடித்த புத்தகம் எப்போதும் கிடக்கும். மனிதன் எதற்காக வேலை செய்கிறான் என்பதைப் பற்றிய புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் சிவப்புப் பென்சிலால் கோடு இழுத்திருப்பார். கையெழுத்து வாங்கப் போனால் லேசில் விடமாட்டார். "சம்பளத்துக்காக மட்டும் எவனும் வேலை செய்யறதில்லப்பா. கூட இருக்கறவன் முன்னாடி தலை நிமிர்ந்து நிக்கணும், அதுதான் மனுஷனுக்கு வேணும். அதைக் குடுத்துப் பாரு, அப்புறம் நீ நிறுத்துன்னாலும் நிறுத்தமாட்டான்" என்பார். நான் தலையை ஆட்டுவேன். இருபத்திரண்டு வயதில் நிழலில் உட்கார்ந்து செய்கிற வேலை கிடைத்தவன் வேறு என்ன செய்வான். அவர் சொன்னது பொய்யும் இல்லை. அது எவ்வளவு பெரிய உண்மை என்பதை அந்த வருஷம் முடிவதற்குள் பார்த்துவிட்டேன். அதிலிருந்து அந்த மாதிரிப் புத்தகத்தை நான் கையால் தொடுவதில்லை.

அது 1991. சிங்கப்பெருமாள் கோவிலில் ரயிலை விட்டு இறங்கி ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் வந்தால், ஒரகடம் தாண்டி எங்கள் கம்பெனி. இன்றைக்கு வல்லம் வடகால் வரைக்கும் காம்பவுண்டுச் சுவராகவே இருக்கிறது. அன்று அந்த ரோட்டில் இருந்த கம்பெனிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். எங்களுடையது வயலுக்கு நடுவே ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ப்ரெஸ் ஷாப். இரும்புத் தகட்டை வெட்டி, வளைத்து, ஓட்டை போட்டு, டிராக்டருக்கும் ஸ்கூட்டருக்கும் சின்னச் சின்னப் பாகங்கள் செய்வோம். செய்வோம் என்று நான் சொல்வதே அதிகப்பிரசங்கித்தனம். நான் ஒரு ஆணி செய்ததில்லை. கேட்டை ஒட்டிய டைம் ஆபீஸில் உட்கார்ந்து, யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று எழுதுவதுதான் என் வேலை. வெளியிலிருந்து யாருக்காவது தகவல் வந்தால் உள்ளே போய்ச் சொல்வதும் என் வேலைதான்.

அந்த வருஷம் ஆடி மாதம் ஷாப்பில் பாதிப் பேர் வரவில்லை. எல்லோரும் சுற்று வட்டாரத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள். சொந்த ஊரில் கூழ் ஊற்றி முடித்தால் மாமனார் ஊரில் ஊற்றுவார்கள். அது முடிந்தால் அக்கா ஊரில். மானேஜர் ஒரு வாரம் கத்திப் பார்த்தார். அப்புறம் புத்தகத்தைத் திறந்தார். மறுநாள் என் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை வந்தது.

ஷாப்பில் இரண்டு லைன். ஒவ்வொன்றிலும் பதினோரு பேர். எந்த லைனில் ஒருவர்கூட, அரை நாள்கூட விடுப்பு எடுக்காமல் தொடர்ந்து அறுபது வேலை நாள் வருகிறார்களோ, அந்த லைனில் எல்லோருக்கும் ஆளுக்கொரு சுவர்க் கடிகாரம். கேட்டில் பெயிண்டால் பெயர் எழுதிவைப்பார்கள். நடுவில் ஒருத்தர் வராமல் போனாலும் அந்த லைனின் எண்ணிக்கை பூஜ்யத்துக்குப் போய்விடும். தினமும் காலையில் பழைய எண்ணை அழித்துப் புது எண் எழுதுவது நான்.

முதல் வாரம் யாரும் அதைச் சட்டை செய்யவில்லை. பத்தைத் தாண்டியதும் வருகைக் கார்டு குத்த வருகிறவர்கள் பலகைக்கு முன்னால் நின்று பார்க்க ஆரம்பித்தார்கள். அதிலும் முதல் லைனின் ஒன்றாம் நம்பர் ப்ரெஸ்காரருக்கு அது பைத்தியம்போலப் பிடித்துக்கொண்டது. அவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கம்பெனியிலேயே அவரைப் போல ப்ரெஸ் ஓட்ட ஆள் கிடையாது. அவரை நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். இங்கேயும் அப்படியே இருக்கட்டும். காலையில் சைக்கிளை விட்டு இறங்கும்போதே, "இன்னா தம்பி, இன்னிக்கி எத்தினி?" என்று குரல் கொடுப்பார். மண்ணூர் பக்கம் கட்டிக்கொடுத்த அக்கா வீட்டுக்குப் போய் வந்த மறுநாள் என் மேஜையில் ஒரு கை அவரைக்காய் இருக்கும். அப்பா அம்மா இல்லாதவர். அந்த அக்காதான் இடுப்பில் தூக்கி வளர்த்தாள் என்று நூறு தடவையாவது சொல்லியிருப்பார்.

இருபத்து மூன்றாவது நாள் முதல் லைனில் பாகங்களைக் கழுவி வாஷிங் செய்கிறவர் காலையில் வரவில்லை. குழந்தைக்கு ராத்திரியெல்லாம் வாந்தி பேதி, ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு மதியம் ஓடி வந்தார். என் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, "காலைல வந்தேன்னு போட்டுக்க தம்பி" என்று கெஞ்சினார். "ரூல்னா ரூல்தானே?" என்றேன். அதைச் சொன்னபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு மிதப்பு இருந்தது என்பதை இப்போது ஒளித்து என்ன ஆகப்போகிறது.

அன்று மாலை பலகையை அழித்துப் பூஜ்யம் போட்டபோது என் முதுகுக்குப் பின்னால் பத்துப் பேர் நின்றார்கள். யாரும் திட்டவில்லை. முதலில் என்னைப் பார்த்தார்கள், அப்புறம் அவரைப் பார்த்தார்கள். அண்ணன் மட்டும் வாயைத் திறந்தார். "கொழந்தைக்கி வாந்தின்னா பாத்துக்க வூட்ல பொம்பள இல்லியா? பத்து பேரு ஒயப்ப மண்ணாக்கிட்டியே" என்றார். ஒரு வாரம் அந்த மனிதரோடு யாரும் உட்கார்ந்து சாப்பிடவில்லை. அவருடைய டிபன் பாக்ஸை யாரோ அலமாரியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்துவிட்டார்கள். மானேஜர் கத்துவதையே விட்டுவிட்டார். அவருக்குப் பதிலாகப் பத்துப் பேர் கத்தாமலே பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பத்து ஜோடிக் கண்களுக்கு நான் பயந்தேன். இன்னொரு தரம் அந்தப் பூஜ்யத்தை என் கையால் எழுதக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

இரண்டாவது தடவை எண்ணிக்கை ஏற ஏற எனக்குத் தூக்கம் குறைந்தது. ஒருத்தர் கார்டு குத்த ஐந்து நிமிஷம் தாமதமானால் கேட் வரை போய் ரோட்டைப் பார்ப்பேன். நாற்பத்தொன்றாவது நாள் அண்ணன் காய்ச்சலோடு மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு வந்தார். "போய்ப் படுங்கண்ணா" என்று நான் ஒப்புக்குச் சொன்னேன். "செத்தாக்கூட சிக்ஸ்டி முட்ச்சிட்டுதான்" என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. இத்தனைக்கும் அந்தக் கடிகாரம் எனக்குக் கிடையாது. நான் எந்த லைனிலும் இல்லை. எழுதுகிறவனுக்கு அந்த எண் மேல் ஏன் அவ்வளவு ஆசை என்று கேட்டால், மானேஜரின் புத்தகத்தில் பதில் இருந்திருக்கும். எனக்குத் தெரியவில்லை.

அறுபதாவது நாள் கார்த்திகையில் வந்தது. மாலை நான்கு மணிக்கு முதலாளி மெட்ராஸிலிருந்து வந்து தன் கையால் கடிகாரம் கொடுப்பதாக ஏற்பாடு. கம்பெனி முற்றத்தில் பந்தல் போட்டார்கள். இரண்டாவது லைன் நடுவிலேயே தடுக்கி விழுந்துவிட்டதால் எல்லாம் முதல் லைனுக்குத்தான். எட்டு மணிக்குப் பதினோரு கார்டும் விழுந்துவிட்டன. அண்ணன் சலவைச் சட்டை போட்டு வந்திருந்தார். வானம் மட்டும் மூடிக்கொண்டிருந்தது. பந்தல் நனைந்துவிடுமோ என்பதுதான் காலையிலிருந்து எனக்கிருந்த ஒரே கவலை.

பத்தரை மணிக்கு ஒருவர் வேகமாக சைக்கிளில் வந்து கேட்டில் இறங்கினார். வாட்ச்மேன் பந்தல்காரர்களுக்குக் கம்பு பிடித்துக்கொண்டிருந்தார். நான்தான் எழுந்து போனேன். வந்தவருக்கு நடுத்தர வயது. தலையில் துண்டு, முழங்கால் வரை சேறு. அண்ணனின் பெயரைச் சொல்லி, "அவரு இங்கதான வேல செய்றாரு?" என்று கேட்டார்.

"ஆமா. இன்னா விஷயம்?"

"அவரு அக்கா காலைல தவறிட்டாங்க. நெஞ்சு வலின்னு ஒக்காந்தவங்கதான். பொறந்த வூட்டு கோடி அவருதான் எட்தாரணும். சீக்கிரமா அனுப்பி வையி தம்பி. நா இன்னும் மூணு ஊருக்கு சொல்லிகினு போவணும்."

"செரி, சொல்லிடறேன்" என்றேன்.

"மறந்துடாத" என்று சொல்லிவிட்டு அவர் சைக்கிளைத் திருப்பினார். அவ்வளவுதான் நடந்தது. வேறு யாரும் பார்க்கவில்லை, வேறு யாரும் கேட்கவில்லை. அந்தச் சேதி அந்தக் கம்பெனியில் என் ஒருவன் தலைக்குள் மட்டும் இருந்தது.

உடனே ஷாப்புக்குள் போனேன். அதை நான் சொல்லியாக வேண்டும், சொல்லத்தான் போனேன். ஒன்றாம் நம்பர் ப்ரெஸ் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அண்ணனின் வலது கால் பெடலில், இரண்டு கையும் தகட்டில். ஓடுகிற ப்ரெஸ்ஸில் இருப்பவனைக் கூப்பிடக் கூடாது என்பது எங்கள் ஷாப்பில் எழுதாத சட்டம். அப்படிக் கூப்பிட்டதில் ஒருவருக்கு இரண்டு விரல் போயிருக்கிறது. கெட்ட சேதி என்றால் கேட்கவே வேண்டாம். எதிரில் போய் நின்று, அவராக நிறுத்துகிறவரை காத்திருக்க வேண்டும். நான் எதிரில் நின்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். நிறுத்தவில்லை. சிரித்துக்கொண்டே தலையை மேலே ஆட்டி, மழை வருமா என்று சைகையில் கேட்டார். நானும் வராது என்று கையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

ஒரு கையைத் தூக்கியிருந்தால் நிறுத்தியிருப்பார். அது எனக்கு அப்போதே தெரியும்.

டைம் ஆபீஸில் வந்து உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாக எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். டீ இடைவேளையில் சொல்லலாம். இல்லை, மதியம் சொல்லலாம். அரை நாள் போனாலும் பூஜ்யம்தானே, அப்படியானால் நாலு மணிக்கே சொல்லிவிடலாம். எப்படியும் அவர் போகாமல் அவர்கள் எடுக்க மாட்டார்கள். இறந்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டுப் புதுப் புடவை போர்த்தாமல் எடுக்கும் வழக்கம் இந்தப் பக்கத்தில் இல்லை. எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு சாவு. செத்தவளின் அண்ணனுக்கும் அவள் புருஷனுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. கோடி எடுத்து வரமாட்டேன் என்று அண்ணன்காரன் முரண்டு பிடிக்க, மறுநாள் காலை வரை பிணம் வாசலிலேயே கிடந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டுச் சாவுகளோ இன்னும் நிதானம். நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். பங்குச் சாமியார் வந்து பூசை வைக்காமல் எடுப்பதில்லை. அவர் எங்கேயோ ஒரு ஊரிலிருந்து வர வேண்டும். இன்று செத்தால் நாளை மாலைதான் குழிக்குப் போகும். ஆகவே அவசரம் ஒன்றும் இல்லை என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதைவிட, நினைப்பதற்கு வசதியாக இருந்ததைப் பொறுக்கி எடுத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் சொல்லிக்கொண்டேன். செத்தாலும் அறுபது முடித்துவிட்டுத்தான் என்று அவரே சொன்னாரே. அவரிடம் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். அவருக்காகத்தான் நான் இதைச் செய்கிறேன்.

டீக்கு மணி அடித்தது. போகவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு மணி அடித்தபோது எழுந்து போனேன். அண்ணன் டிபன் பாக்ஸைத் திறந்து முதல் கவளத்தைப் பிசைந்துகொண்டிருந்தார். வாஷிங்காரர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்தார். "வா தம்பி, ஒரு வாய் துன்னு. ஆபீசர் மாரி நிக்கிற" என்றார் அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள். சோற்றில் கை வைத்திருக்கிற மனிதனிடம் சாவு சொல்வதா என்று எனக்கு அடுத்த சாக்கு கிடைத்தது. "சாப்டுங்கண்ணா" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

இரண்டு மணிக்கு மேல் வானம் கறுத்தது. நான் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வெளியே போய் மேலே பார்த்தேன். முதலாளியின் கார் சேற்றில் மாட்டிக்கொண்டால் நிகழ்ச்சி தள்ளிப்போகும், தள்ளிப்போனால் நான் சொல்வதும் தள்ளிப்போகும் என்று பயம். மழையைப் பற்றி எனக்கு அவ்வளவுதான் தோன்றியது. புதைக்கிற ஜனத்தில் பிறந்தவனுக்கு மழை என்றால் குடை. எரிக்கிற ஜனத்துக்கு அப்படியில்லை. விறகும் வரட்டியும் நனைந்துவிட்டால் அன்று காரியம் நடக்காது. ஆகையால் மேகத்தைப் பார்த்ததும் அவசரப்படுவார்கள். இந்த ஒரு சின்ன விஷயம், என்னோடு வேலை செய்தவர்களில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். நான் யாரையும் கேட்கவில்லை. கேட்டால் சேதியைச் சொல்ல வேண்டியிருக்கும்.

மூன்று மணிக்கு மழை கொட்ட ஆரம்பித்தது. முதலாளி நாலேகாலுக்கு வந்தார். பந்தலை விட்டுவிட்டு நிகழ்ச்சியை ஷாப்புக்குள் வைத்தார்கள். ஆஸ்பெஸ்டாஸ் மேல் மழை விழுகிற சத்தத்தில் மானேஜர் பேசியது யார் காதிலும் விழவில்லை. பலகையை உள்ளே தூக்கி வந்து, எல்லோர் முன்னாலும் என்னை அறுபது என்று எழுதச் சொன்னார். பூஜ்யம் கோணலாக வந்தது. முதல் கடிகாரம் அண்ணனுக்கு. முதலாளி கை கொடுத்தார், எல்லோரும் தட்டினார்கள். அவர் அட்டைப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் வாங்கிக்கொண்டேன். திருப்பியும் சிரித்தேன்.

ஐந்து மணிக்கு மழை விட்டது. சைக்கிள் ஸ்டாண்டில் அவர் பெட்டியை கேரியரில் வைத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போனேன்.

"அண்ணா, அக்கா வூட்லேர்ந்து ஆள் வந்துச்சு."

கயிற்றைக் கட்டிக்கொண்டே, "இன்னாவாம்?" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டதிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் முகம் மாறியதை நான் பார்க்கவில்லை, கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "எப்ப வந்தாங்க?" என்று கேட்டார்.

"இப்பதாண்ணா" என்றேன்.

அவர் பெட்டியை அவிழ்க்கக்கூட இல்லை. அப்படியே ஏறி மிதித்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலை எனக்கு மற்றதைச் சொன்னவர் வாஷிங்காரர். அவர் ஊர் அக்கா ஊருக்கு அடுத்த ஊர். வீடு திரும்பும் வழியில் கேள்விப்பட்டு அங்கே போயிருக்கிறார். கார்டு குத்திவிட்டு, என் ஜன்னலில் நின்று, ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னார். மதியம் வரைக்கும் தம்பி வருவான் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்களாம். மேகம் இறங்கவும் ஊர்ப் பெரியவர்கள் இனித் தாங்காது என்று சொல்லிவிட்டார்கள். பெரியப்பன் மகன் ஒருவர் கையால் ஏதோ ஒரு புடவையைப் போர்த்தச் சொல்லி, இரண்டரைக்கு எடுத்துவிட்டார்கள். அண்ணன் ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில் கோடி வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது விளக்கு வைத்தாகிவிட்டது. கையில் புதுப் புடவை, கேரியரில் கடிகாரம்.

"அக்காவ எடுத்த அன்னிக்கி பிரைசு வாங்கினு வந்து நிக்கிறான்னு மச்சான் மூஞ்சிக்கி நேரா கேட்டுட்டாரு. காலைலியே ஆளு அனுப்னோமேன்னாங்க. சேதி சொல்ல வந்த ஆளும் அங்கதான் இருந்தாரு. பத்தரைக்கெல்லாம் கேட்ல ஆபீஸ் தம்பிகிட்ட சொல்லிட்டுதான் போனேன்னாரு."

நான் ரிஜிஸ்டரைத் திறந்து அன்றைய தேதியை எழுதினேன்.

"ரூல்னா ரூல்தான?" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

அண்ணன் பதினாறு நாள் வரவில்லை. அந்தப் பதினாறு நாளும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். காலையில் சைக்கிள் சத்தம் கேட்டாலே ஜன்னலை விட்டு உள்ளே தள்ளி உட்காருவேன். வந்து சட்டையைப் பிடிப்பார், அறைவார், நாலு பேர் முன்னால் காறித் துப்புவார் என்று விதவிதமாக நினைத்து வைத்திருந்தேன். அறைந்துவிட்டால் நல்லது என்றுகூட இருந்தது. லைனில் யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. தங்கள் வீட்டில் மட்டும் ஆளுக்கு ஆள் சொல்லி வைத்திருந்தார்கள்: கெட்ட சேதி ஏதாவது இருந்தால் கேட்டுக்குப் போகாதீங்க, பின்னாடி முள்வேலிப் பக்கம் வந்து கூப்பிடுங்க என்று. அதையும் யாரோ சிரித்துக்கொண்டே என் காதில் போட்டார்கள்.

பதினேழாம் நாள், பெற்றவளுக்கு எடுப்பதுபோல் எடுத்த மொட்டைத் தலையோடு வந்தார். கார்டு குத்தினார். பலகைப் பக்கம் திரும்பவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. பதினோரு மணிக்கு டீ மணி அடித்தது. ஷாப்பிலிருந்து முற்றத்தைத் தாண்டி நேராக என் ஜன்னலுக்கு வந்தார்.

"எனக்கு எதுனா சேதி வந்துதா?"

"இல்லண்ணா."

சரி என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். மதியம் மறுபடி வந்தார். அதே கேள்வி. மூன்று மணிக்கு ப்ரெஸ்ஸை நடுவில் நிறுத்திவிட்டு வந்தார். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். ஒரு கோபம் இல்லை, ஒரு குத்தல் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோல் கேட்டுவிட்டுப் போவார். அவர் முற்றத்தில் இறங்கி நடந்து வருவது தெரிந்தாலே ரிஜிஸ்டருக்குள் தலையைக் குனிந்துகொள்வேன். ஒரு மாதத்தில் லைனில் மற்றவர்களும் கேட்க ஆரம்பித்தார்கள். ப்ரெஸ் நிற்கும், கிரைண்டர் நிற்கும், ஆள் ஜன்னலுக்கு வருவான்: "சேதி எதுனா கீதா?"

மானேஜருக்குப் புரியவில்லை. அறுபது நாள் ஓடிய லைன் ஏன் இப்படிப் படுத்துவிட்டது என்று என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். புத்தகம் திறந்தே இருந்தது. எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் புத்தகத்தை மூடினார். பிறகு, "என்கிட்ட வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேப்பா" என்றார். "சாவுக்குப் போறவன ஆப்சென்ட்னா போடச் சொல்லுவேன்? அவன அனுப்பிட்டு, அறுபது எழுதுன்னுதானே சொல்லியிருப்பேன்."

அன்றைக்கே கேட்டிருந்தால் அப்படிச் சொல்லியிருப்பாரா என்பதில் எனக்கு இன்றுவரை சந்தேகம். குழந்தைக்கு வாந்தி என்றபோது சொல்லவில்லையே. ஆனால் அவரிடம் போய்க் கேட்கலாம் என்ற நினைப்பே எனக்கு அன்று வரவில்லை. அதுதான் என்னை அரிக்கிறது. யாரும் என்னைப் பிடித்து நிறுத்தவில்லை. முதலாளி சொல்லவில்லை, மானேஜர் சொல்லவில்லை, அந்தப் பத்துப் பேரும் சொல்லவில்லை. எல்லோரும் சொல்லியிருந்தால் எப்படிச் செய்திருப்பேனோ அப்படி நானாகவே செய்தேன்.

அன்றே மானேஜர் பலகையைக் கழற்றச் சொல்லிவிட்டார். அண்ணனிடமும் சொல்லிவிட வேண்டும் என்று மதியம் வரை காத்திருந்தேன். சாப்பாட்டு மணி அடித்ததும் வந்தார். அவர் கேட்பதற்கு முன்னால் நான் பேசிவிட்டேன்.

"அண்ணா, அன்னிக்கி ஆள் பத்தரைக்கே வந்துட்டாரு. நாந்தான் சொல்லல."

"தெரியும் தம்பி."

"என்ன நாலு அறையாச்சும் அறஞ்சிருக்கலாமேண்ணா."

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "அதான் நானும் யோசிச்சிகினு கீறேன்" என்றார். "உன் எடத்துல நா ஒக்காந்து, வேற எவனுக்கோ சேதி வந்திருந்தா, சொல்லியிருப்பனான்னு பாக்கறேன். கொழந்தைக்கி ஒடம்பு செரியில்லன்னு வந்தவன அந்தப் பேச்சு பேசனவன் நா. சொல்லியிருக்க மாட்டேன் தம்பி. அப்பறம் உன்ன எப்டி அடிக்கறது?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவருக்குக் கலங்கவில்லை.

"செரி, அத வுடு. இப்ப எதுனா சேதி கீதா?"

"இல்லண்ணா."

"உங்க மாதா மேல சத்தியமா?"

"மாதா மேல சத்தியமா இல்லண்ணா" என்றேன். அது உண்மை. அன்று காலையிலிருந்து கேட்டுக்கு ஒரு ஆள் வரவில்லை.

அவர் என் முகத்தை நன்றாகப் பார்த்தார். அப்புறம் டிபன் பாக்ஸைக்கூடத் திறக்காமல், சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். சாப்பாட்டு நேரம் முடிய இரண்டு நிமிஷம் இருக்கும்போது வேர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்தார். "எல்லாம் நல்லாதான் கீறாங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு ப்ரெஸ்ஸுக்குப் போனார்.